ஒரு சின்ன ஹைப்பர்வைசர் கெஸ்டின் நிலையையும் நினைவகத்தையும் எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறது?

பாளையங்கோட்டையில் கடைசி வருஷம் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, புராஜெக்டுக்காக லினக்ஸில் கேவிஎம் வைத்து ஒரு குட்டி ஹைப்பர்வைசர் எழுதுகிறேன். ஒரு கெஸ்டை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டும்போது முதல் கெஸ்டின் நிலை எங்கே போய் உட்காருகிறது? இரண்டு கெஸ்டும் முகவரி பூஜ்யத்தில் எழுதுகின்றன, ஏன் முட்டிக்கொள்ளவில்லை? எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகும். கெஸ்டை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து மறுநாள் எழுப்ப முடியுமா?”

மற்றவர்களுக்காக ஒரு வரி: ஹைப்பர்வைசர் என்பது ஒரே கணினிக்குள் பல பொய்க் கணினிகளை ஓட்ட வைக்கும் நிரல். அந்தப் பொய்க் கணினி கெஸ்ட், அதைத் தாங்கும் உண்மைக் கணினி ஹோஸ்ட், கேவிஎம் லினக்ஸுக்குள் இருக்கும் அதற்கான வசதி. கெஸ்டை ஓட்டுவது உங்கள் நிரல் என்று நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள் தம்பி. ஓட்டுவது சிபியூ. கெஸ்டின் கட்டளைகளை அது நேரடியாக, முழு வேகத்தில் ஓட்டும். சில இடங்களில் மட்டும் நின்று உங்களிடம் வரும். அப்படி வரும்போது எதை யார் எடுத்து வைத்தார்கள், எந்தப் பேஜ் (நினைவகத்தை வெட்டிய துண்டு) யாருடையது என்ற கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. உங்களுடைய மூன்று கேள்வியும் இந்தக் கணக்கைப் பற்றியவைதான்.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் ஜெரால்ட் பொபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற கட்டளை எதுவாக இருந்தாலும், அதிகாரம் குறைந்த நிரல் அதை ஓட்டினால் ட்ராப் ஆக வேண்டும், அதாவது சிபியூ அதை நிறுத்திவிட்டு மேலே இருக்கும் நிரலிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் ஹைப்பர்வைசர் கட்டலாம் என்பது அதன் சாரம். இன்டெல், ஏஎம்டி சிப்களின் வகையான பழைய எக்ஸ்86 இதில் தேறவில்லை. ‘பாப்எஃப்’ என்ற கட்டளையைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டினால் இன்டரப்டை, அதாவது சாதனங்கள் சிபியூவைக் கூப்பிடும் குறுக்கீட்டை, நிறுத்தலாம், திறக்கலாம். அதிகாரமில்லாத நிரல் ஓட்டினால் இன்டரப்ட் பிட் மாறாது, பிழையும் வராது. காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விஎம்வேர் 1999-இல் கெஸ்ட் கர்னலின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005 கடைசியில் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் சிபியூவுக்குள்ளேயே கெஸ்டுக்கென்று தனி வழி போட்டுக் கொடுத்தன. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-இல் சேர்ந்த கேவிஎம் அந்த வழியில் போகிறதுதான்.

சரி, நிலைக்கு வருவோம். இன்டெல்லில் ஒவ்வொரு விசிபியூவுக்கும் (கெஸ்டுக்குக் காட்டும் பொய் சிபியூ) விஎம்சிஎஸ் என்று ஒரு பதிவேடு உண்டு. 4 கேபிக்கு மேல் போகாது. கெஸ்டின் நிலை ஒரு பகுதி, ஹோஸ்டின் நிலை ஒரு பகுதி, எதெது நடந்தால் கெஸ்ட் வெளியே வர வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒரு பகுதி, கடைசியாக ஏன் வெளியே வந்தது என்ற குறிப்பு ஒரு பகுதி. உள்ளே போகும்போது சிபியூ கெஸ்ட் பகுதியை எடுத்து அணிந்துகொள்ளும். வெளியே வரும்போது அதைக் கழற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு ஹோஸ்ட் பகுதியை அணிந்துகொள்ளும். வெளியே வருவதற்கு ‘விஎம் எக்ஸிட்’ என்று பெயர்.

இந்தப் பதிவேட்டைச் சாதாரண மெமரி மாதிரி படிக்கக் கூடாது. விஎம்ரீட், விஎம்ரைட் என்ற கட்டளைகள் வழியாகத்தான் தொட வேண்டும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று இன்டெல் சொல்வதில்லை. சிபியூ அதில் கொஞ்சத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கவும் செய்யும். அதனால் ஒரு விசிபியூவை வேறு கோருக்கு மாற்றும் முன் பழைய கோரில் விஎம்கிளியர் செய்து கக்க வைக்க வேண்டும். ஏஎம்டியில் இதற்கு இணையான விஎம்சிபி சாதாரண மெமரியாகவே கிடக்கும். பிழை தேடும்போது டம்ப் எடுத்து வெறும் கண்ணால் பார்க்கலாம் என்பதால் எனக்கு ஏஎம்டி ஏற்பாடுதான் பிடிக்கும்.

ரிஜிஸ்டர்கள் என்ற, சிபியூவுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களில் சிபியூ தானாக எடுத்து வைப்பவை எவை என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அடுத்த கட்டளை எங்கே என்று சொல்லும் ஆர்ஐபி, ஸ்டாக்கைச் சொல்லும் ஆர்எஸ்பி, ஆர்ஃபிளாக்ஸ், கன்ட்ரோல் ரிஜிஸ்டர்களான சிஆர்0, சிஆர்3, சிஆர்4, செக்மென்ட் ரிஜிஸ்டர்கள், சில எம்எஸ்ஆர்கள் (சிபியூவின் அமைப்பைச் சொல்லும் தனி ரிஜிஸ்டர்கள்). இவ்வளவையும் இன்டெல் பார்த்துக்கொள்ளும். ஆர்ஏஎக்ஸ், ஆர்பிஎக்ஸ் தொடங்கி ஆர்15 வரை ஆர்எஸ்பி தவிர்த்த பதினைந்து பொது ரிஜிஸ்டர்களையும் அது தொடாது. கெஸ்ட் வெளியே வந்து உங்கள் முதல் கட்டளை ஓடும் நேரத்தில் அந்தப் பதினைந்திலும் கெஸ்டின் மதிப்புதான் இருக்கும். அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கும் முன் சி மொழியில் எழுதிய எதையும் கூப்பிடக் கூடாது. அந்தச் சில வரிகளை அசெம்பிளியில் எழுதுவதற்கு இதுதான் காரணம். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் ரிஜிஸ்டர்களும் அப்படித்தான், நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். டீபக் ரிஜிஸ்டர்களில் டிஆர்7 மட்டும் பதிவேட்டில் போகும், மற்றவை போகாது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. கேவிஎம் இல்லாமல், கர்னல் மாட்யூலாக நானே ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பதினைந்து ரிஜிஸ்டர், எஃப்பியூ (தசமக் கணக்குப் பிரிவு) எல்லாம் சரி. கெஸ்டாக ஒரு லினக்ஸ் பூட் ஆகி, ஷெல் வரைக்கும் வந்துவிட்டது. நான் வீட்டில் எல்லோருக்கும் காட்டிப் பெருமை அடித்தாயிற்று. ஆனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே ஓடும் ஏதாவது ஒரு நிரல் காரணமில்லாமல் செத்துப் போகும். இன்று ஷெல் சாகும், நாளை வேறொன்று. ஒரு வாரம் கெஸ்ட் கர்னலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் செக்ஃபால்ட் (தனக்கில்லாத முகவரியைத் தொட்ட பிழை) செய்தியில் இருந்த முகவரியை உற்றுப் பார்த்தால், அது கெஸ்டில் எந்த நிரலுக்கும் சொந்தமான முகவரியே இல்லை. ஹோஸ்டில் ஓடும் என் நிரலின் மெமரி முகவரி!

நடந்தது இது. பேஜ் ஃபால்ட் (தொட்ட முகவரிக்குப் பேஜ் தயாராக இல்லை என்ற பிழை) வந்தால் எந்த முகவரியில் வந்தது என்று சிபியூ சிஆர்2-இல் எழுதும். கெஸ்டில் ஃபால்ட் வந்து, கெஸ்ட் கர்னல் சிஆர்2-ஐப் படிப்பதற்குள் வெளியே ஒரு டைமர் இன்டரப்ட் அடித்து எக்ஸிட் ஆகிறது. ஹோஸ்டில் இருக்கும்போது ஹோஸ்டுக்கே ஒரு பேஜ் ஃபால்ட். சிஆர்2-இல் இப்போது ஹோஸ்டின் முகவரி. திரும்ப உள்ளே போனால் கெஸ்ட் கர்னல் அதைப் படித்து, “இந்த முகவரியை நீ எப்படித் தொடலாம்?” என்று அப்பாவி நிரலைக் கொன்றுவிடுகிறது. சிஆர்0, சிஆர்3, சிஆர்4 மூன்றுக்கும் விஎம்சிஎஸ்ஸில் இடம் உண்டு, சிஆர்2-க்கு இல்லை. நான் நான்கும் சேர்ந்துதான் இருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டேன். கேவிஎம் இதை ஒழுங்காகச் செய்கிறது. நீங்கள் அதன் மேல் நிற்பதால் இந்த வாரம் உங்களுக்கு மிச்சம்.

நிலையைச் சேமித்தால் மட்டும் போதாது, ஆர்ஐபியை நகர்த்துவதா வேண்டாமா என்றும் ஒவ்வொரு எக்ஸிட்டிலும் முடிவு செய்ய வேண்டும். கெஸ்ட் ‘சிபியூஐடி’ கட்டளையை ஓட்டினால் இன்டெல்லில் கட்டாயம் எக்ஸிட் வரும். அதற்கு நீங்கள் பதில் தயாரித்து ரிஜிஸ்டரில் வைத்துவிட்டு, அந்தக் கட்டளையின் நீளமான 2 பைட்டை ஆர்ஐபியில் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கெஸ்ட் அதே கேள்வியை விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கும். நினைவகம் இன்னும் ஒதுக்காததால் வந்த எக்ஸிட் என்றால் நேர்மாறு. ஒதுக்கிவிட்டு ஆர்ஐபியைத் தொடாமல் விட வேண்டும், அதே கட்டளை மறுபடி ஓடி இந்த முறை வேலை நடக்கும்.

கேவிஎம்மில் இதெல்லாம் கர்னலுக்குள் நடக்கும். உங்கள் கைக்கு வருவது இரண்டு மூட்டை: பொது ரிஜிஸ்டர்கள் ஒன்று, செக்மென்டும் கன்ட்ரோல் ரிஜிஸ்டர்களும் சேர்ந்தது இன்னொன்று. முதல் முறை எழுதுகிறவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீசெட் ஆன எக்ஸ்86-இல் சிஎஸ் செக்மென்டின் பேஸ் பூஜ்யமாக இருக்காது, 4 ஜிபி எல்லையின் கடைசி 64 கேபியில் இருக்கும். ஆர்ஐபியை மட்டும் உங்கள் கோடு இருக்கும் இடத்துக்கு வைத்துவிட்டு ஓட்டினால், கெஸ்ட் அந்தக் கோடியில் போய் நிற்கும். சிஎஸ்ஸின் பேஸையும் செலக்டரையும் பூஜ்யமாக்குங்கள், ஆர்ஃபிளாக்ஸில் 2 வையுங்கள். அந்த பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்பது எக்ஸ்86-இன் சட்டம்.

இனி நினைவகம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டில் ‘புளியடி வயல்’ என்று ஒன்றைச் சொல்வோம். புளியமரம் போய் வருஷக்கணக்காகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் அதற்கு ஒரு பழைய சர்வே நம்பர். யூடிஆர் (நிலப் பதிவேட்டைப் புதுப்பித்த திட்டம்) வந்த பிறகு கிராமக் கணக்கில் உட்பிரிவோடு வேறு நம்பர். வரப்பு மாறவில்லை, பெயர் மட்டும் மூன்று. பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு ஹைப்பர்வைசரின் மெமரி சீக்கிரம் புரியும்.

கெஸ்டுக்குள் ஓடும் நிரல் பயன்படுத்துவது வீட்டுப் பெயர். கெஸ்ட் கர்னல் தன் பேஜ் டேபிள் என்ற முகவரி அட்டவணையைப் பார்த்து அதைப் பத்திர நம்பர் ஆக்கும். இது கெஸ்ட் ஃபிசிக்கல் முகவரி. கெஸ்டுக்கு இதுதான் கடைசி உண்மை, இதற்கு அப்பால் ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் இரண்டாவது டேபிள் பத்திர நம்பரை இன்றைய நம்பர் ஆக்கும். அதுதான் ராமில் உண்மையான இடம். இந்த இரண்டாவது டேபிளை இன்டெல் இபிடி என்கிறது, ஏஎம்டி என்பிடி என்கிறது. உங்கள் இரண்டு கெஸ்டும் பூஜ்யத்தில் எழுதி முட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். ஒவ்வொரு கிராமத்திலும் சர்வே நம்பர் 1 உண்டு. அதற்காக இரண்டு ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை.

வயல் உவமை ஓர் இடத்தில் உதவாது. பத்திரத்தை எப்போதோ ஒரு முறை பார்ப்போம், சிபியூ ஒவ்வொரு மெமரி அணுகலுக்கும் பார்க்க வேண்டும். எக்ஸ்86-64-இல் பேஜ் டேபிள் பொதுவாக நான்கு அடுக்கு. ஹைப்பர்வைசர் இல்லாவிட்டால், டிஎல்பியில் (முன்பு கண்ட விடைகளை சிபியூ வைத்திருக்கும் இடம்) பதில் இல்லாத ஒரு முகவரிக்கு நான்கு முறை மெமரியைத் தொட்டால் போதும். இரண்டு டேபிள் இருந்தால் நான்கும் நான்கும் எட்டு என்று தோன்றும். ஆனால் கெஸ்டின் பேஜ் டேபிள் இருக்கும் இடமே பத்திர நம்பரில்தான் எழுதியிருக்கிறது. அதன் ஒவ்வோர் அடுக்கைப் படிக்கவும் இபிடியை நான்கு அடுக்கும் நடந்து, பிறகு அந்த அடுக்கைப் படிக்க வேண்டும். அது நான்கு அடுக்குக்கு இருபது. கடைசியில் கிடைக்கும் முகவரிக்கு இன்னொரு நான்கு. மொத்தம் 24. டிஎல்பி என்ற குறிப்புச்சீட்டு இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது.

இபிடி வருவதற்கு முன் ஹைப்பர்வைசர் வீட்டுப் பெயரிலிருந்து இன்றைய நம்பருக்கு நேராக ஒரு கள்ள டேபிள் வைத்திருக்கும். ஷேடோ பேஜ் டேபிள் என்று பெயர். கெஸ்ட் தன் டேபிளில் கை வைக்கும்போதெல்லாம் எக்ஸிட் ஆக்கி இதையும் திருத்த வேண்டும். அதை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, எழுதும் ஆசை இல்லை.

பேஜின் அளவைப் பெரிதாக்கினாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். 1 ஜிபி கெஸ்டை 4 கேபி பேஜ்களாக வெட்டினால் 2,62,144 பதிவுகள், ஒன்றுக்கு 8 பைட் என்று கடைசி அடுக்குக்கே 2 எம்பி டேபிள். 2 எம்பி பேஜ்களாக வெட்டினால் 512 பதிவுகள், ஒரே ஒரு 4 கேபி டேபிளில் அடங்கும். நடக்க வேண்டிய அடுக்கும் ஒன்று குறையும்.

கேவிஎம்மில் நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். உங்கள் நிரலில் எம்மேப் (லினக்ஸிடம் மெமரி கேட்கும் அழைப்பு) போட்டு ஒரு பகுதியை வாங்குங்கள். “கெஸ்டின் இந்த ஃபிசிக்கல் முகவரியிலிருந்து இவ்வளவு நீளம், என்னுடைய இந்த முகவரியில் இருக்கிறது” என்று ஒரு ஸ்லாட் பதிந்துவிடுங்கள். அவ்வளவுதான். பதிந்த உடனே இபிடியில் எதுவும் ஏறாது. கெஸ்ட் ஒரு பேஜை முதன்முதலாகத் தொடும்போது எக்ஸிட் வரும். கேவிஎம் ஸ்லாட்டைப் பார்த்து உங்கள் நிரலின் முகவரியைக் கண்டுபிடிக்கும், லினக்ஸிடம் ராம் பேஜ் கேட்டு வாங்கும், இபிடியில் ஒரு வரி எழுதும், கெஸ்டைத் திரும்ப உள்ளே அனுப்பும். உங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஸ்லாட்டே இல்லாத முகவரியைத் தொட்டால்தான் எக்ஸிட் உங்கள் வரை வரும், எம்எம்ஐஓ என்ற பெயரில். சாதனங்களை அப்படித்தான் பாவனை செய்கிறோம். கிராமக் கணக்கில் இல்லாத நம்பரைக் கேட்டு யாராவது வந்தால் தாசில்தாரிடம் அனுப்புவது போல. பிசியில் 4 ஜிபிக்குக் கீழே ஏபிக் (இன்டரப்டைப் பிரித்தனுப்பும் சாதனம்) முதலிய சாதனங்களுக்கென்று இப்படி ஓர் ஓட்டை விட வேண்டும். அதனால் பெரிய கெஸ்டின் ராமை இரண்டு ஸ்லாட்டாகப் பிரித்துப் பதிவார்கள்.

தொடும்போதுதான் ஒதுக்குவது என்பதால் இருக்கிற ராமைவிட அதிகமாகக் கெஸ்டுகளுக்கு வாக்குக் கொடுக்கலாம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் இருக்கிற அறையைவிட அதிகம் பேரிடம் அட்வான்ஸ் வாங்கும் லாட்ஜ்காரர் இதே கணக்கில்தான் இருப்பார், எல்லோரும் ஒரே நாளில் வர மாட்டார்கள் என்று. ஒரு சனிக்கிழமை நல்ல சாரல் அடித்து எல்லோரும் வந்து நின்றுவிட்டால்? ஹோஸ்ட் ஸ்வாப் (பேஜ்களை டிஸ்குக்கு மாற்றுவது) செய்ய ஆரம்பிக்கும், எல்லாக் கெஸ்டும் நொண்டும். இதற்காக பலூன் என்று ஒரு வழி உண்டு. கெஸ்டுக்குள் ஒரு டிரைவர் மெமரியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பேஜ் என்று ஹோஸ்டிடம் சொல்லிவிடும், ஹோஸ்ட் அவற்றை வேறு யாருக்காவது கொடுக்கும். உங்கள் புராஜெக்டுக்கு இது வேண்டாம்.

வைவாவில் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் ஒன்று. கெஸ்ட் தன் பேஜ் டேபிளில் எதை வேண்டுமானாலும் எழுதட்டும், கிடைப்பது பத்திர நம்பர்தான். இபிடியில் இல்லாத இடத்துக்கு அது போகவே முடியாது. ஆனால் சுவரில் இரண்டு சந்து உண்டு. ஒன்று டிஎம்ஏ, அதாவது சாதனம் சிபியூ வழியாகப் போகாமல் ராமை நேராகத் தொடுவது. உண்மையான ஒரு சாதனத்தைக் கெஸ்டிடம் நேராகக் கொடுத்தால் அந்தச் சாதனம் இபிடியைப் பார்க்காது, அதற்குத் தனியாக ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் முகவரியை மாற்றித் தரும் பகுதி) வேண்டும். இன்னொன்று நீங்கள். கெஸ்ட் “இந்த முகவரியில் இவ்வளவு பைட் எடுத்துக்கொள்” என்று உங்கள் பொய்ச் சாதனத்திடம் சொல்லும். நீளத்தைச் சரிபார்க்காமல் காப்பி செய்தால் கதவைத் திறந்துவிட்டது நீங்கள்தான். 2015 மே மாதம் வெளியான வெனம் ஓட்டை இந்த வகை. சாதனங்களைப் பாவனை செய்யும் கியூஇஎம்யூ என்ற நிரலில் யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி கன்ட்ரோலரின் பஃபர் எல்லையைச் சரியாகப் பார்க்காததால் வந்தது. நம் கல்லூரி லேப்களில் ஃபிளாப்பி இருந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கடைசிக் கேள்வி, கரண்ட். முடியும். எதை எழுத வேண்டும் என்பதைவிட எதை எழுத வேண்டாம் என்பதில் ஆரம்பியுங்கள். இபிடியை எழுத வேண்டாம், டிஎல்பியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவை இன்றைய நம்பரைச் சொல்பவை. நாளைக்கு லினக்ஸ் வேறு ராம் பேஜ்களைக் கொடுக்கும், டேபிள் தானாகப் புதிதாக முளைக்கும். பத்திர நம்பருக்கு எதிரே என்ன உள்ளடக்கம் இருந்தது, அது மட்டும் போதும். முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் பேஜ்களைத் தாண்டிவிட்டால் ஃபைலும் சிறிதாகும்.

விசிபியூவில் அந்த இரண்டு மூட்டை போதாது. எஃப்பியூ நிலை, எம்எஸ்ஆர்கள், லோக்கல் ஏபிக், வந்தும் இன்னும் கெஸ்டுக்குப் போய்ச் சேராத இன்டரப்டுகள், இவற்றுக்கெல்லாம் கேவிஎம்மில் தனித்தனி அழைப்புகள் உண்டு. காத்திருக்கும் இன்டரப்டை விட்டுவிட்டால், எழுந்த கெஸ்ட் வராத டிஸ்க் பதிலுக்காகக் காத்தே கிடக்கும். இன்னொரு நுணுக்கம்: ஐஓ அல்லது எம்எம்ஐஓ காரணமாக எக்ஸிட் வந்த உடனே நிலையை எழுதாதீர்கள். அந்தக் கட்டளை இன்னும் முடியவில்லை. நீங்கள் அடுத்த முறை ‘ரன்’ கூப்பிடும்போதுதான் கேவிஎம் அதை முடிக்கும். ‘இமீடியட் எக்ஸிட்’ கொடியை 1 ஆக்கி ஒரு முறை ‘ரன்’ கூப்பிட்டால், பாக்கியை முடித்துவிட்டுக் கெஸ்டை ஓட்டாமல் திரும்பி வரும். அப்புறம் எழுதுங்கள்.

மெமரியை எழுதும் அதே கணத்து டிஸ்க் இமேஜையும் கூடவே வையுங்கள். நேற்று இரவின் மெமரியை, இன்று காலை வேறு வழியில் பூட் செய்து மாற்றிய டிஸ்கின் மேல் எழுப்பினால், கெஸ்டின் கர்னல் தன் கேஷில் இருக்கும் பழைய கணக்கை நம்பி டிஸ்கில் எழுதும். ஃபைல் சிஸ்டம் குலைந்துவிடும். எனக்கு ஒரு கெஸ்ட் அப்படிப் போனது. எழுந்த கெஸ்டின் கடிகாரமும் நேற்றைக்குக் கரண்ட் போன நேரத்திலேயே நிற்கும், எழுப்பியவுடன் நேரத்தைத் திருத்துங்கள். திருத்தாமல் உலாவியைத் திறந்தால் புதிதாக வாங்கிய சான்றிதழ் உள்ள தளத்தை “இது இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று அது திருப்பி அனுப்பிவிடும்.